கடல் தண்ணீரை மிச்சம் பிடித்தவன்

விருதுநகரில் இருந்துகொண்டு இருபத்தாறு வருஷம் படகு எஞ்சின் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பாலான வருஷங்கள் படகு என்ற பொருளை நேரில் பார்த்ததே கிடையாது. கடலையும் சரியாகப் பார்த்ததில்லை. திருச்செந்தூரில் எனக்கு முதல் மொட்டை போட்டபோது பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குப் பூராவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதேன் என்று அம்மா சொல்லுவாள்.

போன மாதம் செல்வம், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னைத் தேடி வந்தான். நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது அவன்தான் தலைமை மெக்கானிக்.

“அண்ணே, போட்டு எஞ்சின் ஒண்ணு வந்து கெடக்கு. கம்பெனிக்காரன் புதுசு மாத்திருங்கன்னு சொல்றான். பார்ட்டி பழசையே செஞ்சு குடுங்கன்னு நிக்காரு. எதை வச்சு முடிவு சொல்றது? நீங்கதான் இதுல நெறையப் பாத்தவுக.”

இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் என்று ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, “மொதல்ல அந்த வாஷர் கதையைச் சொல்லுங்க. அப்புறம் புத்தி சொல்லலாம்” என்றாள். செல்வத்துக்கு அது தெரியாது. சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, “இதை எழுதி வைங்கண்ணே” என்றான். எழுதுகிறேன்.

எனக்கு ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஊர். அப்பா காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. மழை கைவிட்ட பிறகு வீட்டோடு எல்லோரும் பட்டாசு ஆபீசுக்குப் போனார்கள். நான் மட்டும் தங்கவில்லை. படிப்பில் கெட்டிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு வெடிச் சத்தம் என்றால் பயம். அந்தப் பக்கத்தில் பிறந்துவிட்டு ஓலைவெடிக்கே காதைப் பொத்துகிறவனை ஃபோர்மேன் ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டார். இந்தத் தகுதியோடு விருதுநகருக்கு பஸ் ஏறி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு எஞ்சின் பட்டறையில் சேர்ந்தேன். கழுவுதல், துடைத்தல், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தல், தலையில் குட்டு வாங்குதல் என்று ஆறு வருஷம் ஓடியது. ஏழாவது வருஷம் என்னையும் மெக்கானிக் என்று கூப்பிட்டார்கள்.

பட்டறை முதலாளி தங்கவேல் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எஞ்சினுக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்தாலும் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. நான் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் பனியன் கறுத்திருக்கும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அவர் முணுமுணுத்தால் பட்டறையில் எல்லோரும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவோம்.

ஓர் எஞ்சினைச் செய்து கொடுப்பதா, அதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்வதா என்று முடிவெடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கை விரித்து அதன்மேல் சாமான்களை வரிசையாக அடுக்க வேண்டும். சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. நான் அளந்து சொல்வேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். பிறகு தானே ஒரு தடவை அளப்பார். என் அளவும் அவர் அளவும் ஒத்துப்போன நாட்களில் எனக்கு டீ உண்டு. அந்தப் பட்டறையில் நான் அதிகம் டீ குடித்ததில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் உள்ளே கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். இப்படி இரண்டு, மூன்று தடவை கடையலாம். அதற்கு மேல் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும். பிறகு லைனர் என்கிற இரும்பு உறையைத்தான் உள்ளே இறக்க வேண்டும்.

கடைசியாக விரிசல் சோதனை. சிலிண்டருக்கு மூடிபோல மேலே உட்காரும் ஹெட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் ஒட்டத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசி வெயிலில் வைப்போம். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, அந்த வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்த அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. நாங்கள் பேசினால் இரும்பு விரிந்துவிடும் என்பதுபோல நிற்போம்.

அண்ணாச்சிக்கு இன்னொரு பிடிவாதம். பசித்த வயிற்றோடு இருப்பவரிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டார். எஞ்சின் தேறாது என்று தெரிந்தால், “வெயில்ல வந்திருக்கீக. போய் ரெண்டு புரோட்டா சாப்பிட்டு வாங்க, பேசுவோம்” என்பார். எதிர்த்த கடையில் எண்ணெயில் பொரித்த புரோட்டா, பட்டறைச் செலவில். நாளடைவில் இது ஊர் ஊராகப் பரவிவிட்டது. புரோட்டா என்ற சொல்லைக் கேட்டதுமே சிலர் புது எஞ்சின் என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் மட்டும் ஏன் பாதிப் புரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள், சால்னா சரியில்லையா என்று அந்தக் கடைக்காரர் என்னிடம் கவலையோடு கேட்டிருக்கிறார்.

கடலே இல்லாத ஊருக்குப் படகு எஞ்சின் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சாயல்குடிக்கு அப்பால் கடற்கரை ஊர்களில் அப்போது இந்த வேலைக்குத் தோதான பட்டறை இல்லை. அந்தப் பக்கத்துக் குண்டு மிளகாய் லாரி லாரியாக விருதுநகருக்கு வரும். மூட்டைகளுக்கு நடுவே எஞ்சினையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். உப்பும் மிளகாய் நெடியுமாக வந்து இறங்கும். அதைப் பிரிக்கிற நாளில் பட்டறை மொத்தமும் தும்மும். அண்ணாச்சி மட்டும் தும்ம மாட்டார்.

இனி என் பெருமைக்கு வருகிறேன். வேலை முடிந்த எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். படகு எஞ்சின் ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து, தன் சூட்டை அதில் இறக்கி, இன்னொரு குழாய் வழியாக வெளியே ஊற்றும். கடலில் அதற்கு என்ன குறை! எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வந்தால் பெரிய விஷயம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. பிள்ளைகள் குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து வாசல் தெளித்த வீடு என் வீடு. இங்கே ஓர் எஞ்சின் டிரம் டிரம்மாகக் குடித்துச் சாக்கடையில் துப்புகிறது. அதைத் திரும்ப டிரம்முக்குள் விடவும் முடியாது, துருவும் எண்ணெயுமாக வரும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் ஒரு யோசனை வந்தது. வாழ்க்கையில் எனக்குச் சொந்தமாக வந்த ஒரே யோசனை. தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில், சின்ன ஓட்டை உள்ள ஓர் இரும்பு வாஷரை வைத்து முடுக்கினேன். ஐந்து டிரம் குடித்த எஞ்சின் ஒன்றரை டிரம்மோடு நிறுத்திக்கொண்டது. சூடும் ஏறவில்லை. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, “பரவாயில்லையேலே” என்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓட்டிப் பார்த்து முடித்ததும் வாஷரை நான் கழற்றிவிடுவதாகத்தான் அண்ணாச்சி நினைத்திருந்தார். எனக்கு மனசு வரவில்லை. இங்கே மிச்சமாகிற தண்ணீர் அங்கேயும் மிச்சமாகட்டுமே என்று எஞ்சினோடு சேர்த்தே அனுப்பி வைத்தேன். கடலில் ஓடுகிற படகுக்குத் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஸ்டாண்டில் சும்மா சுற்றுகிற எஞ்சினுக்கு அந்தத் தண்ணீர் போதும், பாரம் இழுக்கிற எஞ்சினுக்குப் போதாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அடுத்த தடவை வேலைக்கு வரும் எஞ்சின்களில் வாஷர் காணாமல் போயிருக்கும். “கடற்கரைக்காரவுகளுக்குச் சாமான் பத்திரமே கெடையாது” என்று திட்டிக்கொண்டே புதிது போட்டு அனுப்புவேன்.

வாஷர் தொலையாமல் திரும்பி வந்தது ஒரே ஓர் எஞ்சின்தான். முனியசாமி என்பவருடையது. முதல் தடவை, அவர் அதைப் பழசாக வாங்கிய கையோடு, சாதாரணத் தேய்மானத்துக்கு வந்தது, செய்து கொடுத்தோம். அடுத்த வருஷமே சூட்டில் பிஸ்டன் இறுகிப்போய் வந்தது. மறுபடியும் கடைந்து கொடுத்தோம். அதற்கடுத்த வருஷம் மூன்றாவது தடவையாக வந்தது. என் வாஷர் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. வெளிக்குழாயை எப்போதும் நானே கழற்றி ஓரமாக வைப்பதால் அண்ணாச்சி கண்ணில் அது படவில்லை. எவ்வளவு ஒழுங்கான மனுஷன் என்று மெச்சிக்கொண்டேன்.

அந்த மூன்றாவது தடவை முனியசாமி வரவில்லை. அவர் மனைவி காளியம்மாதான் மிளகாய் லாரியில் எஞ்சினோடு வந்து இறங்கினார். பிரித்தோம், கழுவினோம், அளந்தோம். சிலிண்டர் இனிமேல் கடைய முடியாத அளவுக்குப் போயிருந்தது. ஹெட்டில் சாக்பீஸ் பொடியின் நடுவே கறுப்புக் கோடு பளிச்சென்று ஓடியது. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“வெயில்ல வந்திருக்கீக தாயி. போய் ரெண்டு புரோட்டா…”

“நான் புரோட்டா திங்க வரலை அண்ணாச்சி” என்றார் காளியம்மா. “அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க கரையில அம்புட்டுப் பேருக்கும் தெரியும். பசியோடயே கேட்டுக்கிறேன், சொல்லுங்க.”

அண்ணாச்சி அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் காட்டினார். காளியம்மா என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, உங்களுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கமாமே. எஞ்சின் இல்லைன்னா வள்ளத்தை வித்துட்டு அங்கனதான் வரணும். நானும் அவுகளும் வேலைக்கு வருவோம். ஏதாச்சும் ஒரு பட்டாசுக் கம்பெனியில சொல்லிச் சேத்து விடுவீகளா?”

என் தங்கச்சியின் இடது கை நினைவுக்கு வந்தது. பட்டாசு ஆபீசில் வெடிமருந்து தீப்பற்றியதில் அதன் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. பொங்கலுக்குப் போனால் அந்தக் கையில் பாத்திரத்தை அணைத்துக்கொண்டுதான் எனக்குப் பரிமாறுவாள். நான் பயந்து ஓடிவந்த இடத்துக்கு இந்த அம்மா வழி கேட்கிறார். முதன்முறையாக அண்ணாச்சியை எதிர்த்துப் பேசினேன்.

“அண்ணாச்சி, சிலிண்டருக்குள்ள புதுசா லைனர் எறக்கிச் செய்யலாம். ஹெட்டு ஒண்ணு நம்ம பழைய சாமான்ல கெடக்கு.”

அண்ணாச்சியின் குரல் தணிந்தது. “செய்யலாம்லே. செஞ்சா அடுத்த வருசம் நாலாவது தடவை வரும். அதே கரை, அதே உப்பு, இதே எஞ்சின் அங்க இன்னும் எத்தனையோ ஓடுது. இது மட்டும் ஏன் வேகுது? அது தெரியாம செஞ்சு குடுக்கிறதும் தப்பு, மாத்தச் சொல்றதும் தப்பு. புது எஞ்சினைக் கொண்டு வச்சாலும் அதுவும் வெந்து போகும். நீ போய்ப் பாத்துட்டு வா. காரணம் கெடைச்சாச் செய்வோம். கெடைக்கலைன்னா இது இரும்புக் கடைக்கு.”

“எங்க போய்ப் பாக்க அண்ணாச்சி?”

“எஞ்சின் எங்க ஓடுதோ அங்க. கடல்ல எஞ்சின் ஓடி நீ எங்கலே பாத்திருக்க?”

காளியம்மா அன்றைக்கே லாரியில் திரும்பிப் போனார். மறுநாள் நான் பஸ் பிடித்து அவர்களுடைய கடற்கரை ஊருக்குப் போனேன். கரையில் இறங்கி, முனியசாமி வீடு எது என்று ஒருத்தரிடம் கேட்டேன்.

“எந்த முனியசாமி? எஞ்சின்முழுங்கியா?”

அதுதான் அவருக்கு ஊர் வைத்த பேர். முரட்டுத்தனமாக ஓட்டி எஞ்சினை எரிக்கிற ஆளாம். ராசியும் கிடையாதாம். அவர் வள்ளத்தில் கூலிக்கு ஏறவே ஆள் வருவதில்லையாம். இதைக் கேட்டதில், நான் பார்த்திருந்த ஆளையே மறந்து, தாட்டியான ஒரு முரடரை எதிர்பார்த்துப் போனேன். நான் பட்டறையில் பார்த்திருந்த அதே ஒல்லி மனுஷர்தான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காளியம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, “தின்னுங்க. எஞ்சினையே தின்ன வாயிதான” என்றார். அவர் நிமிரவில்லை.

அவர் வள்ளத்தில் எஞ்சின் இல்லை. அதனால் பக்கத்து வள்ளக்காரர் சேகருடன் என்னை அனுப்பினார்கள். அவருடையதும் எங்கள் பட்டறையில் செய்த அதே வகை எஞ்சின். வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததும் நான் அதில் நட்டிருந்த ஒரு கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருபது வருஷ அனுபவமுள்ள படகு எஞ்சின் மெக்கானிக் என்று சேகர் தன் ஆட்களுக்கு என்னை அறிமுகம் செய்து வைத்தார். அவர்கள் என் கம்பைப் பார்த்தார்கள்.

அந்த நிலையிலும் என் கண்ணில் பட்டது தண்ணீர்தான். வெளிக்குழாயிலிருந்து கட்டைவிரல் பருமனுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது. என் விருதுநகர் வயிறு எரிந்தது.

“ஏம்ப்பா சேகர், இதுல நான் ஒரு வாஷர் போட்டு அனுப்பினேனே, எங்க?”

“அதுவாண்ணே? அதை வந்த அன்னைக்கே தட்டி எடுத்துருவோம். அது இருந்தா தண்ணி போகாம எஞ்சின் கொதிக்கும்ல. உங்க பட்டறை அடையாளத்துக்குப் போடுறீக போலன்னு நெனச்சோம். அந்தா, வலை அமிழக் குண்டாக் கட்டியிருக்கேன் பாருங்க.”

வலையின் ஓரத்தில் என் ஒரே யோசனை இரண்டு உருப்படியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அலையாலேயே முடியாத காரியத்தை அந்த வாஷர் செய்தது. கம்பை விட்டுவிட்டு வள்ளத்தின் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, “முனியசாமி எடுக்கலையா?” என்று கேட்டேன்.

“வந்த புதுசுல நான் சொல்லிப் பாத்தேன். மெக்கானிக்கு காரணம் இல்லாமலா வச்சிருப்பாரு, படிச்ச வேலையில நாம கை வைக்கப்படாதுன்னுட்டாருண்ணே. அப்புறம் எடுத்திருப்பாருன்னே நெனச்சேன்.”

அந்தக் கரையில் என்னை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான். என்னை நம்பாதவர்களின் எஞ்சின்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

கரைக்கு வந்ததும் டெலிபோன் பூத்தைத் தேடிப் போய் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

“காரணம் கெடைச்சுதா?”

“கெடைச்சுது அண்ணாச்சி.”

“என்ன?”

“நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் வைத்த பேரையும் சொன்னேன். எனக்குப் பயத்தில் புத்தி நன்றாக வேலை செய்தது. “அண்ணாச்சி, உப்பு அடைச்சிருச்சுன்னு சொல்லிட்டு வந்துர்றேன். வாஷரை எடுத்துட்டு நல்லாச் செஞ்சு குடுத்துருவோம். யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் குரல் எவ்வளவு தணிந்தது என்றால், மறு காதைப் பொத்திக்கொண்டால்தான் கேட்டது.

“எஞ்சினை நாம செஞ்சு குடுத்துருவோம்லே. அந்தாளு பேரை யாரு செஞ்சு குடுப்பா? கரையில நாலு பேர் இருக்கையில சொல்லிட்டு வா. சொல்லாம பட்டறைப் பக்கம் வராதே.”

சாயங்காலம் மீன் பிரிக்கிற நேரம். பத்திருபது பேர் இருந்தார்கள். முனியசாமி ஒரு ஓரமாக வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் நடுவில் போய் நின்றேன். எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் வரும் கதையிலிருந்து ஆரம்பித்து, கடல் தண்ணீரை மிச்சம் பிடித்த கதை வரை ஒன்று விடாமல் சொன்னேன். ஒருத்தர் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். இன்னொருத்தர், “உங்க ஊருக்கு வேணும்னா கடலைக் கொஞ்சம் கொண்டு போங்கண்ணே” என்றார். கூடை தூக்கி வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

காளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப இவுக ஓட்டுனதுல தப்பு இல்லையா?”

“இல்லைம்மா. ரெண்டு தடவையும் நான் வச்ச வாஷராலதான் வெந்துருக்கு.”

என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து ஓரடி பின்னால் போனேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் புருஷன் முன்னால் நின்றார்.

“ரெண்டு வருசமா வாய்க்கு வந்தபடி ஏசுறேனே. ஒரு தடவையாச்சும் நான் இல்லைன்னு சொல்லப்படாதா?”

முனியசாமி வலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: “நான்தான்னு நெனச்சிட்டிருந்தேன்.”

கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லி நானே முதல் ஆளாகச் சிரித்திருக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் என்னால் முடிவதில்லை. நான் கெடுத்தது எஞ்சினை மட்டும் இல்லை. ஒரு மனுஷர் தன் கையையே நம்பாமல் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார்.

எஞ்சினை மாற்றவில்லை, செய்தோம். லைனரை அண்ணாச்சி தன் கையாலேயே இறக்கினார். அவருடைய வெள்ளைச் சட்டையில் முதன்முறையாகக் கறை பட்டதை அன்றைக்குப் பார்த்தேன். நானே மிளகாய் லாரியில் எஞ்சினோடு போய் வள்ளத்தில் மாட்டிக் கொடுத்தேன். கரையில் நான்கைந்து பேர் கூலிக்கு ஏறத் தயாராக நின்றார்கள். முனியசாமி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, வெளிக்குழாயில் கொட்டுகிற தண்ணீரில் கையை நீட்டினார். கை முழுக்க நனைந்தது.

“இம்புட்டுத் தண்ணியாண்ணே வரும்?” என்று கேட்டார்.

“கொட்டட்டும் விடுங்க” என்றேன்.